குதிரையின் கடைசி மூன்று அடி: பாராமல் ஆடும் சதுரங்கத்துக்கு ஒரு தென்னாட்டு முன்வரலாறு

பலகையைப் பாராமல் சதுரங்கம் ஆடுகிறவர் மனத்தில் எதை வைத்துக்கொண்டு ஆடுகிறார்? இந்தக் கேள்விக்குப் பிரெஞ்சு உளவியலாளர் ஆல்பிரட் பினே 1894இல் ஒரு புத்தகமே எழுதி விடை சொன்னார். பெருங்கணக்கர்களையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்த நூல் அது. பின்னால் வந்தவர்கள் அவரைத் திருத்தியிருக்கிறார்கள், விரித்திருக்கிறார்கள். ஆனால் அவர் போட்ட அடித்தளத்தை யாரும் பெயர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதன் ஒரு மூலையையாவது பெயர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பினேவுக்கு முன்னோடி தேன் என்ற பிரெஞ்சு அறிஞர். 1870இல் அவர் எழுதியது எளிமையானது: ஆட்டக்காரர் மனத்துக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது, பலகை அதில் அப்படியே தெரிகிறது, அவர் அதைப் பார்த்து ஆடுகிறார். பினே முதலில் இதை நம்பித்தான் வினாப்பட்டியல் அனுப்பினார். வந்த விடைகள் நம்பிக்கையைக் குலைத்தன. தம் மனத்தில் தோன்றும் பலகையில் காய்களின் வடிவமும் நிறமும் துலங்குவதில்லை என்று சதுரங்க வீரர் தாராஷ் எழுதினார். இன்னோர் ஆட்டக்காரரான சிட்டன்ஃபெல்ட் வரைந்து தந்த படத்தில் காய்களின் உருவமே இல்லை. அவை எந்தப் பக்கம் பாயும் என்று காட்டும் கோடுகள்தாம் இருந்தன. தேன் சொன்ன கண்ணாடி அங்கேயே உடைந்தது. பினே அதை ஒளிக்காமல் எழுதினார், அந்த நேர்மைக்கு அவரை வணங்க வேண்டும்.

கண்ணாடியை உடைத்த பிறகு அந்த இடத்தில் அவர் எதை வைத்தார் என்பதில்தான் எனக்கு முரண்பாடு. அறிவு, கற்பனை, நினைவு என மூன்றைச் சொல்லி, அனுபவத்தால் வந்த ஆட்ட அறிவுக்கே முதலிடம் தந்தார். காய் ஏன் அங்கே நிற்கிறது என்று தெரிந்தவனுக்கு அது எங்கே நிற்கிறது என்பது மறக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். 1973இல் உளவியல் ஆய்வாளர்கள் சேஸும் சைமனும் செய்த சோதனை இதற்கு வலுச் சேர்த்தது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைத் தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு பார்வையில் நினைவில் வைக்கிறார். காய்களைத் தாறுமாறாக இறைத்துவைத்தால் அவருக்கும் கற்றுக்குட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே பாராமல் ஆடுவது ஆட்டத் தேர்ச்சியின் விளைவு. முதலில் தேர்ந்த ஆட்டக்காரன், பிறகே பாராமல் ஆடுகிறவன்.

ஐரோப்பாவில் இது பொருந்தும். 1744இல் பாரிசில் இரண்டு பலகைகளில் ஒரே நேரத்தில் பாராமல் ஆடிய பிலிடோர், 1858இல் அதே ஊரில் எட்டுப் பலகைகளில் ஆடிய மார்ஃபி, 1925இல் 28 பலகைகளில் ஆடிய அலெக்கைன் ஆகிய மூவரும் அவரவர் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள். பினே வினவியதும் இந்த வகையினரைத்தான். தேர்ந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு, தேர்ச்சியே காரணம் என்று முடிவு கட்டினால் அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் நூலின் மறுபாதியிலேயே இதற்கு மாற்று இருந்தது. கணக்கர் இனோதி எண்களைக் காதால் பிடிக்கிறார், தியமாந்தி கண்ணால் பிடிக்கிறார் என்று பினே தாமே பிரித்துக் காட்டினார். எண்ணுக்குக் கண், செவி என்று இரண்டு வழி கண்டவர், பலகைக்குச் செவிவழி உண்டா என்பதை அதே உழைப்போடு துருவவில்லை. தென்னாட்டில் அந்தச் செவிவழி நெடுங்காலம் பழகப்பட்டது என்பது என் கருத்து. அதைச் சதுரங்கத் தேர்ச்சியோடு பழகவில்லை, செய்யுளோடு பழகினார்கள்.

முதலில் பலகையைப் பற்றி ஒரு சொல். இன்று பாராமல் ஆடக் கற்பவருக்கு முதல் பாடம் நிறம். ஏ1 கறுப்பு, எச்1 வெள்ளை என்று தொடங்கி 64 கட்டங்களின் நிறத்தையும் கண்ணை மூடிச் சொல்லப் பழக வேண்டும். குதிரை அடிதோறும் நிறம் மாறும், யானை மாறியும் மாறாமலும் போகும், இப்படி நிறமே முகவரியின் பாதி வேலையைச் செய்கிறது. நம் பழைய பலகையில் அந்த வசதி இல்லை. இந்திய மரபில் பலகை நிறம் பிரிக்கப்படாதது; துணியிலோ மரத்திலோ கோடுகள் ஓடும், சில கட்டங்களில் மட்டும் குறுக்குக் கீறல் இருக்கும். அப்படிப்பட்ட பலகையை மனத்தில் வைக்க முயன்றவனுக்கு எல்லாக் கட்டமும் ஒரே முகம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வேண்டும். எழுத்தைத் தவிர வேறு என்ன பெயர் அவனுக்குக் கைவசம் இருந்திருக்க முடியும்?

கட்டத்தில் எழுத்தை வைக்கும் பழக்கம் அணியிலக்கணத்தில் பழையது. தண்டியலங்காரம் எண்ணும் பன்னிரண்டு சித்திரகவிகளில் சுழிகுளம் நான்கடி, அடிக்கு எட்டெழுத்து. எழுதினால் நான்கு நிரையில் எட்டுக் கட்டம், அதாவது அரைப் பலகை. சருப்பதோபத்திரத்தை எழுத எட்டுக்கு எட்டு வேண்டும், முழுப் பலகை. நூலின் காலத்தை 12ஆம் நூற்றாண்டு என்பது பெருவழக்கு. அதன் எடுத்துக்காட்டுச் செய்யுள்களில் வரும் அனபாயன் என்ற பெயர் யாரைக் குறிக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால் அதை நான் இறுக்கிப் பிடிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டில் குதிரை ஓட்டம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. தமிழ் இலக்கணம் பலகையைத் தந்தது, குதிரையைத் தரவில்லை. குதிரை வந்தது வடமொழி வழியாக.

9ஆம் நூற்றாண்டில் காசுமீரத்து ருத்திரடர் எழுதிய காவியாலங்காரத்தில் தேர், குதிரை, யானை மூன்றின் நடையிலும் செய்யுள் உண்டு. குதிரைச் செய்யுளை நான்கு நிரை எட்டுக் கட்டத்தில் எழுதி, முதல் கட்டத்திலிருந்து குதிரைப் பாய்ச்சலில் 32 கட்டங்களையும் தொட்டுப் படித்தால் அதே செய்யுள் திரும்ப வரும். வியக்க வைக்கும் வேலைதான். ஆனால் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். செய்யுள் முழுவதும் ஏறக்குறைய 'லீ', 'நா' என்ற இரண்டே எழுத்துகளால் ஆனது. குதிரை எங்கே தாவினாலும் இரண்டில் ஒன்று கிடைக்கும். ஓட்டத்தை முன்பே அறிந்தவனுக்கு அது வித்தை. அறியாதவனுக்கு அந்தச் செய்யுள் வழிகாட்டாது.

நான்கு ஐந்து நூற்றாண்டுகள் கழித்துத் தூப்புல் வேதாந்த தேசிகர் பாதுகா சகசிரத்தின் சித்திர பத்ததியில் இதே வித்தையை எடுக்கிறார். 1268இல் காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்தவர் என்பது மரபு. அரங்கனின் பாதுகை மீதான 1008 சுலோகங்களையும் ஒரே இரவில் பாடினார் என்பதும் மரபுதான். 929, 930 என்று எண்ணிடப்படும் சுலோகங்கள் இரண்டும் இணை. முதலாவதைக் கட்டங்களில் எழுதிக் குதிரையை ஓட்டினால் இரண்டாவது வருகிறது. ருத்திரடரிடம் ஒரு செய்யுள் தன்னையே திருப்பித் தந்தது. தேசிகரிடம் ஒரு செய்யுள் இன்னொரு செய்யுளைத் தருகிறது. இதை அழகுக்காகச் செய்த மாற்றம் என்று கடந்துபோவது வழக்கம். எனக்கு இது பெரிய மாற்றமாகப் படுகிறது. தேசிகரின் எழுத்துகள் பலவகை. முதல் சுலோகம் மனப்பாடமானால் எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் என்பது தெரியும். இரண்டாவது மனப்பாடமானால் எந்த எழுத்துக்குப் பின் எது என்பது தெரியும். ஒன்று இடம், மற்றது வரிசை. இரண்டையும் ஓதத் தெரிந்த சிறுவன் பலகையே இல்லாமல் குதிரையை 32 கட்டமும் ஓட்டிக் காட்டலாம். அவனுக்குச் சதுரங்கம் ஆடத் தெரிந்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

இதைச் சொல்லால் நிறுத்தாமல் கட்டம் போட்டு அடியடியாகச் சோதித்தேன். நிரையை முதலிலும் கட்டத்தை அடுத்தும் சொல்கிறேன். முதல் நிரை முதல் கட்டத்தில் புறப்படும் குதிரை 2ஆம் நிரை 3, 1ஆம் நிரை 5, 2ஆம் நிரை 7 என்று வலப்பக்கம் ஏறி, 4ஆம் நிரை 8இல் மூலையைத் தொட்டு, 3ஆம் நிரை 6, 4ஆம் நிரை 4, 3ஆம் நிரை 2 என்று கீழ்வழியே இடப்பக்கம் திரும்புகிறது. இரண்டாவது சுலோகத்தின் எழுத்துகள் ஒவ்வொன்றும் இந்தத் தடத்தில் பிசகாமல் வந்து விழுகின்றன. 'ரா' நான்கு கட்டங்களிலும் 'தா' மூன்று கட்டங்களிலும் இருப்பதால் இடையில் சில இடங்களில் குதிரைக்கு இரண்டு வழி திறப்பதுபோல் தோன்றும். 22ஆம் அடியிலிருந்து 'தா'வுக்குப் போக இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஆனால் தவறான 'தா'வுக்குப் போனால் அடுத்த எழுத்து கிடைக்காது, குதிரை நின்றுவிடும். செய்யுளே பிழையைத் திருத்துகிறது.

29ஆம் அடி வரை இப்படி. அது 2ஆம் நிரை 4ஆம் கட்டம். மீதி மூன்று எழுத்துகள்: ரா, ச, ரா. மீதி மூன்று கட்டங்கள்: முதல் நிரையின் 2, மூன்றாம் நிரையின் 1, நான்காம் நிரையின் 3. நடுவில் வரும் 'ச' மூன்றாம் நிரையின் 1 என்பதில் ஐயம் இல்லை. முன்னும் பின்னும் உள்ள இரண்டு கட்டங்களிலும் 'ரா' இருக்கிறது. 29இலிருந்து இரண்டுக்கும் குதிரை பாயும். இரண்டிலிருந்தும் 'ச'வுக்கு வரும். 'ச'விலிருந்து இரண்டுக்கும் போகும். ஆகவே ஓட்டம் நான்காம் நிரையின் 3இல் முடிகிறதா, முதல் நிரையின் 2இல் முடிகிறதா என்பதைச் சுலோகம் சொல்லவில்லை. எந்த வழியில் ஓட்டினாலும் காதுக்கு ஒரே ஓசை.

பரவலாகத் தரப்படும் கட்டப் படம் நான்காம் நிரையின் 3இல் முடிக்கிறது. அது சரியென்றே நானும் நினைக்கிறேன். ஒரு காரணம் ருத்திரடர். அவருடைய ஓட்டத்தைத் தேசிகரின் ஓட்டத்தோடு பக்கத்தில் வைத்தால் முதல் 29 அடியும் ஒன்றே. ருத்திரடரின் செய்யுளில் 30ஆம் எழுத்து 'நா', 32ஆம் எழுத்து 'லீ'. அங்கே முதல் நிரையின் 2இல் 'நா', நான்காம் நிரையின் 3இல் 'லீ'. முடிவு ஐயமற்றது. தடத்தை அவரிடமிருந்தோ அவருக்கும் பொதுவான ஒரு மூலத்திலிருந்தோ பெற்ற தேசிகர் கடைசி மூன்றை மட்டும் திருப்பியிருப்பார் என்று கொள்ள முகாந்தரம் இல்லை.

இன்னொரு காரணம் பலகையிலேயே இருக்கிறது, என் வாதத்துக்கு அதுவே முக்கியம். அரைப் பலகையின் கீழே மற்ற அரைப் பலகையை வையுங்கள். நான்காம் நிரையின் 3இல் நிற்கும் குதிரை அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் ஐந்தாம் நிரையின் முதல் கட்டத்தில் கால் வைக்கிறது. அது கீழ்ப்பாதியின் தொடக்கக் கட்டம்! அதே சுலோகத்தை மறுமுறை ஓதினால் 64 கட்டமும் முடிந்துவிடும். முதல் நிரையின் 2இல் முடித்தாலோ இது நடக்காது. அங்கிருந்து கீழ்ப்பாதிக்குப் பாய்ச்சல் இல்லை. மற்றப் பாதியை மேலே வைத்து எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதன் தொடக்கத்தையோ முடிவையோ குதிரை எட்டாது. நான்கு நிரைப் பலகையில் குதிரை புறப்பட்ட இடத்துக்கே பாய்ந்து வளையத்தை மூட முடியாது என்பது கணிதம் நிறுவிய உண்மை. வளையமாக மூட இயலாத ஓட்டத்தை அடுத்த பாதிக்குக் கண்ணியாக நீட்டிவிட்டவன் அரைப் பலகையில் விளையாடிக்கொண்டிருந்தவன் அல்லன். முழுப் பலகையைத் தலையில் வைக்க எளிய வழி தேடியவன். 64 பெயர்களைப் பாடம் பண்ணுவதைவிட 32 பெயர்களை இருமுறை சொல்வது எளிது.

இங்கே சான்று மெலிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேசிகரின் நோக்கம் பாதுகையின் புகழ், சதுரங்கம் கற்பிப்பது அன்று. இரட்டிப்பை அவர் எண்ணினார் என்பதற்கு வாசகம் எதுவும் இல்லை. ஆனாலும் இப்படிப்பட்ட தடம் தற்செயலாக அமையாது. யாரோ ஒருவர், ருத்திரடருக்கு முன்போ அவரே தானோ, இந்த ஓட்டத்தைப் பலவற்றிலிருந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். பிற்காலத்தில் மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) குதிரை ஓட்டங்களை வகைவகையாக வகுத்து, கட்டங்களில் எழுத்துகளை நிரப்பிச் செய்யுளாக்கினார். இந்த நாட்டமும் அதே மரபின் கொழுந்து. கட்டத்துக்கு எழுத்து, எழுத்துக்கு ஓசை, ஓசைக்கு நினைவு என்ற சங்கிலி ஆயிரம் ஆண்டு அறுபடவில்லை.

அந்தச் சங்கிலியின் மறுமுனை அவதானம். அட்டாவதானி, தசாவதானி, சதாவதானி என்று பட்டம் பெற்றவர்கள் பாட்டுக்குப் பதில், கணக்கு, மணியோசை எண்ணுதல், முதுகில் விழும் கல்லையோ நெல்லையோ எண்ணுதல் என்று பலவற்றை ஒரே இருக்கையில் தாங்கினார்கள். பாட்டும் கணக்கும் போலவே சதுரங்கமும் சொக்கட்டானும் அந்த வரிசையில் இடம்பெற்றன. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் நிகழ்த்திய சதாவதானம் தமிழில் இந்தக் கலையின் உச்சம். குஜராத்தில் ஸ்ரீமத் ராஜ்சந்திரர் (1867–1901) தம் அவதானங்களைத் தாமே ஒரு கடிதத்தில் பட்டியலிட்டார். சொக்கட்டான், சீட்டு, சதுரங்கம் மூன்றும் அதில் உண்டு. பினே பாரிசில் வினாப்பட்டியல் அனுப்புவதற்குச் சில ஆண்டுகளே முன்பு பம்பாயில் அவர் நூறு அவதானம் செய்து காட்டினார்.

'சதுரங்கம் ஆடல்' என்று சொல்லும் பட்டியல்கள் பலகை அவதானியின் கண்ணெதிரே இருந்ததா என்று சொல்வதில்லை. இதை வைத்து என் வாதத்தை ஒருவர் மறுக்கலாம். நான் எதிர்வாதம் செய்வேன். அவதானத்தில் ஒவ்வொன்றின் முறையும் சுற்றுக்கு ஒருதடவை வருகிறது. காயை நகர்த்திய மறுகணம் வெண்பாவின் ஈற்றடி, அடுத்து பெருக்கல், நடுவில் எங்கோ மணி. பலகை எதிரே இருந்தாலும் அதை உட்கார்ந்து பார்க்க நேரம் கிடையாது. நிலை மனத்தில் நிற்காவிட்டால் ஆட்டம் நிற்கும். அவதானிகளைத் தேர்ந்த சதுரங்க வீரர்கள் என்று யாரும் புகழ்ந்ததில்லை. அவர்கள் புலவர்கள். எழுத்தடைவிலும் யாப்பிலும் பழகிய நினைவைக் கொண்டே பலகையைத் தாங்கினார்கள். தேர்ச்சி முதலில், பாராமை பின்னால் என்ற பினேவின் வரிசை இங்கே தலைகீழாகிறது.

நான் கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டனில் வளர்ந்தவன், ஆகவே மணியோசை எண்ணுவது எனக்குப் புத்தகச் செய்தி அன்று. சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டுகிறவர் ஷாஃப்டுக்குள் இறங்கும் கூண்டைப் பார்ப்பதில்லை. இன்ஜின் வீட்டில் அமர்ந்து, கீழிருந்து வரும் மணி எத்தனை என்று எண்ணியே கூண்டை நிறுத்துவார், ஏற்றுவார், இறக்குவார். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அத்தனை ஆழத்தில் ஆள் நிற்கும் இடம் அவருக்கு ஓர் எண், ஓர் ஓசை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடிய பின் அந்த மணி அடங்கிவிட்டது. காணாத ஒன்றைச் செவியால் இடம் பிடிப்பது அருஞ்செயல் அன்று, பழக்கினால் வருவது என்ற உறுதி எனக்கு அங்கிருந்துதான் வந்தது. இது சான்றாகாது என்பதை அறிவேன். இந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்பதற்கு மட்டும் விளக்கம்.

பினேவை முற்றாக மறுக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். ஒன்றிலிருந்து பத்து, இருபது பலகைகளுக்குப் போகும்போது அவர் சொன்ன ஆட்ட அறிவு இன்றியமையாதது. எந்தச் சுலோகமும் அலெக்கைனின் 28 ஆட்டங்களைத் தாங்காது. பெரும்பாலும் மொனாக்கோவில் 1992 முதல் 2011 வரை நடந்த ஆம்பர் போட்டிகளின் பாராமல் ஆடும் ஆட்டங்களில், நம் விஸ்வநாதன் ஆனந்த் பலமுறை கொடிநாட்டிய அந்த மேடையில், ஆட்டக்காரர்களின் எதிரே கணினித் திரையில் காயில்லாத வெறும் பலகை இருந்தது. உலகத்தின் முதல்தரக் கைகளுக்கும் கட்டங்கள் தெரிவது உதவியாக இருந்தது. காய்களை அறிவு தாங்கும். கட்டங்களை எது தாங்குகிறது என்ற கேள்வி தனி, அதற்கு இரண்டு சுலோகங்கள் ஒரு விடை தருகின்றன.

கடைசி மூன்று அடியைப் பற்றி என் முடிவு மேலே சொன்னதுதான். ஆனால் ருத்திரடரின் உரைகாரர் நமிசாது 1069இல் எழுதியதற்கும் தேசிகரின் காலத்துக்கும் இடையில் இந்த ஓட்டம் எந்த வழியே தெற்கே வந்தது என்பது துலங்கும் வரை, அதை ஐயத்துக்கு இடமில்லாதது என்று எழுத மாட்டேன். நான் போட்டு வைத்திருக்கும் கட்டப் படத்தில் மற்ற முப்பது எண்களும் மையில் இருக்கின்றன. முதல் நிரையின் 2இல் 30, நான்காம் நிரையின் 3இல் 32, இந்த இரண்டும் பென்சிலில்.